ஏழாம் நிலை ஜெயகுமாரி

ஜெயகுமாரியிடம் ஒரு துவக்கு இருந்தது. ஆனால் அது வீட்டில் இருக்கவில்லை. வீட்டில் இருந்தது அதன் போல்ட் மட்டும்தான். ஒஸ்லோவின் ரொம்சோஸ் அடுக்குமாடியின் நாலாம் மாடியில், உடுப்பு அலுமாரியின் அடித்தட்டில், ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் பழைய துவாய்த் துண்டில் சுற்றிப் பூட்டியிருந்தது. ஒரு சாண் நீளம்கூட வராத இரும்பு உருளை. தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டுவதும், தனக்குள் இருக்கும் ஊசியை விட்டு அதன் பின்புறத்தில் குத்தி வெடிக்கவைப்பதும் அதுதான். அதைக் கழற்றி எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் குழாய். அந்தக் குழாய் நகரத்துக்கு வெளியே ஒட்வார் என்பவருடைய வீட்டு இரும்பு அலுமாரியில் கிடந்தது.

இந்தப் பாகப்பிரிவினை அவளுடைய கணவர் குகநேசனுக்காக. ஊரில் அந்த மனிதர் துவக்கின் வாய்ப்பக்கத்தை மட்டுமே பார்த்தவர். எத்தனை தரம், எங்கெங்கே என்று கேட்டால் சொல்லமாட்டார். ஒஸ்லோவில் பதினெட்டு வருடமாக ட்ராம் ஓட்டுகிறார். சீருடைக்காரர் யாராவது ஏறினால் இன்றைக்கும் அவருடைய முதுகு நேராகிவிடும். “முழுத் துவக்கு வீட்டுக்கு வரக்கூடாது” என்று ஒரே ஒரு தரம் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த விஷயத்தில் அவருக்கு வாயில் கொழுக்கட்டைதான்.

இவளுக்கு எப்படி வந்தது இந்த ஆசை என்று கோயில் மடைப்பள்ளியில் கறிக்கு வெட்டிக்கொண்டே கதைத்தவர்கள் பலர். “ஐம்பது வயதில் வேட்டைக்குப் போறாவாம்” என்று ஒருத்தி சொல்ல, “வேட்டைத் திருவிழாவுக்கு இனிக் குதிரை வாகனம் தேவையில்லை” என்று இன்னொருத்தி சிரித்தாளாம். சொல்லிவிட்டுப் போகட்டும். உள்ளபடி சொன்னால் அந்த ஆசை மிருகத்தில் தொடங்கவில்லை, இரும்பில்தான் தொடங்கியது.

ஜெயகுமாரி பெரிய வைத்தியசாலை ஒன்றின் நிலக்கீழ்ப் பகுதியில் வேலை செய்தாள். சத்திரசிகிச்சை முடிந்து வரும் கருவிகளைக் கழற்றி, கழுவி, பார்த்து, பூட்டி, தட்டில் அடுக்கி, கிருமி நீக்கி அனுப்புகிற வேலை. ஒவ்வொரு தட்டிலும் அதை அடுக்கியவரின் பெயர் ஒட்டப்படும். நாளைக்கு ஏதாவது ஒன்று பிழைத்தால் யாருடைய கை என்று தெரியவேண்டும் அல்லவா. பதினாறு வருடத்தில் தன் பெயரை அவள் இன்னொருவர் அடுக்கிய தட்டில் ஒட்டியதில்லை. ஜன்னல் இல்லாத அறை, வெந்நீர் ஆவி, இயந்திரங்களின் ஒரே சீரான முனகல். கை தன்பாட்டில் வேலை செய்ய மனம் எங்கேயோ மிதந்துபோகும். வெளியே வெயிலா பனியா என்றுகூடத் தெரியாமல் நாள் போய்விடும்.

அங்கே ஆவி இயந்திரங்களைத் திருத்துகிறவர்தான் ஒட்வார். நீண்ட, மெலிந்த, அதிகம் பேசாத நோர்வேஜியர். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் பகுதியினர் எல்லாரையும் காட்டுக்குள் இருந்த தன் மரக்குடிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருடைய துவக்கின் போல்ட் இறுகிக் கிடந்தது. வருடக்கணக்காக விட்ட எண்ணெய் உள்ளே பிசினாகியிருந்தது. அவர் அதைக் கழற்றப் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் “தாருங்கள் இங்கே” என்று வாங்கினாள் ஜெயகுமாரி. ஒரு மணி நேரம் குடிலின் படியில் இருந்து துடைத்தாள். திரும்பப் பூட்டித் துவக்கில் இட்டு மூடியபோது நல்ல அலுமாரிக் கதவு சாத்துகிற மாதிரி மெத்தென்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான், அம்மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

பிறகு வேட்டைக்காரர் வகுப்பு, நோர்வேஜிய மொழியில் பரீட்சை, மரப்பலகை எல்குக்குச் சுட்டுக் காட்டுகிற சோதனை. எல்லாம் பாஸ். எல்க் என்றால் ஊர் மரைமானுக்குப் பெரியண்ணன், குதிரை உயரம். குகநேசன் அதை மாட்டுச் சாதி என்று சொல்லி இறைச்சியைத் தொடமாட்டார். வன்னியில் மரை வத்தல் சப்பின அதே வாய்தான் என்று ஜெயகுமாரி பேர்கனில் படிக்கும் மகள் சாருகாவிடம் ரெலிபோனில் சொல்லிச் சிரிப்பாள். அவர் முன்னால் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஒட்வாரின் வேட்டைக்குழுவில் ஒரு கிழவருக்கு முழங்கால் போய்விட, ஓர் இடம் காலியானது. சுடுகிறவர்கள் எட்டுப் பேர், காத்திருந்து சுட எட்டு நிலைகள், மிருகத்தைக் கிளப்ப நாயோடு நடப்பவர் வேறு. ஏழாம் நிலை சதுப்புநிலத்தின் ஓரத்தில். குழுவின் தலைவர் ஒட்வார். “இந்த வருடம் பரீட்சை வருடம்” என்றார் அவர். “சுடாமல் விட்டால் ஒருவரும் குறை சொல்லமாட்டோம். ஆனால் சுடவேண்டிய நேரம் சுடாத துவக்கும், சுடக்கூடாத நேரம் சுடுகிற துவக்கும் எனக்கு ஒன்றுதான். வேட்டை முடிய, இடம் உங்களுக்கா இல்லையா என்று சொல்வேன்.”

அந்த இடம் அவளுக்கு வேண்டும். வீடும் பிள்ளையும் வேலையும் யார் யாருக்காகவோ வந்து சேர்ந்தவை. தனக்காக என்று இந்த நாட்டில் அவள் ஒன்றும் கேட்டதில்லை. ஆடு தாண்டுகிற அளவு ஈரநிலத்தில் நிற்க ஓர் இடம் கேட்டாள், அதுதான் முதல் தடவை.

ஞாயிறு மத்தியானங்களில் குசினி மேசையில் பேப்பரை விரித்துப் பெட்டியைத் திறப்பாள். பாதுகாப்புத் தாழை நிமிர்த்தி, சின்னப் பொத்தானை அமத்தி, பின்மூடியைத் திருகத் திருக, ஊசியும் அதைச் சுற்றிய சுருள்வில்லும் ஒன்றாக வெளியே வரும். ஊசியின் நுனியை மரத்துண்டில் ஊன்றி, பலமாக அமுக்கி, கால்வட்டம் திருப்பி, மெல்ல மெல்ல விடவேண்டும். அந்த வில்லுக்குப் பொறுமை கிடையாது. ஒரு தரம் விரல் சறுக்கி அது கூரையில் அடித்து, குளிரூட்டிப் பெட்டிக்குப் பின்னால் விழுந்தது. பக்கத்து அறையில் இருந்த குகநேசன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். வந்து பார்க்கவில்லை.

பாகங்களைத் துடைத்து உலரவிட்டு, துணியில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் தொட்டுத் தடவி, அதையும் திரும்பத் துடைத்தெடுப்பாள். எண்ணெய் பூசினோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வருகிற அளவுதான் பூசவேண்டும். குளிரில் எண்ணெய் தடிக்கும், ஊசி சோம்பிவிடும் என்பது வகுப்பில் முதல் நாளே சொன்ன பாடம். அந்த நேரங்களில் ஜெயகுமாரிக்கு மேசை தெரியாது, பேப்பர் தெரியாது. சதுப்புநிலத்துப் பனிப்புகார் குசினிக்குள் ஊர்ந்து வந்து கணுக்காலைத் தொடுகிற மாதிரி இருக்கும். தூரத்தில் எதுவோ தண்ணீரில் கால்வைத்து நடக்கும். அரிசிக் குக்கர் கூவினால்தான் திரும்பி வருவாள்.

அந்த வருடம் சரஸ்வதி பூசை ஒக்ரோபர் முதலாம் திகதி. வேட்டை ஐந்தாம் திகதி தொடக்கம். குகநேசன் வழக்கம்போலப் படங்களுக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, ட்ராம் திறப்புக் கொத்து, சாருகாவின் பழைய கல்குலேட்டர், அரிவாள், திருகாணிச் சாவி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“உம்மடை அந்த இரும்பையும் வைக்கேல்லையோ?”

ஜெயகுமாரிக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று இருந்தது. “வைக்கலாமோ?”

“ஆயுத பூசை எண்டு சொல்லிப்போட்டு அதை மட்டும் பூட்டி வைக்கிறதே? கொண்டாரும்.”

மூன்று வருடத்தில் முதல் வார்த்தை. அவள் அன்று மத்தியானம்தான் அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டியிருந்தாள். ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து கொண்டுவந்தாள். அவர் சந்தனம் குழைத்து, போல்டின் கைப்பிடிக் குமிழில் ஒரு பொட்டு, மேலே ஒரு பொட்டு வைத்து, குங்குமமும் இட்டார். ஒரு பொட்டு கோணிவிட, துடைத்துத் திரும்ப வைத்தார். அவள் பார்க்காத மாதிரிக் கற்பூரத்தைக் கொளுத்தினாள். பூசைக்கு வைத்ததை விஜயதசமிவரை எடுக்கக்கூடாது என்பது முறை. ஆகவே அன்றிரவு போல்ட் பெட்டிக்குள் போகவில்லை.

மறுநாள் அவளுக்கு விடியற்காலை வேலை. குகநேசனுக்கு விடுமுறை. அவள் பின்னேரம் வந்தபோது படங்களுக்கு முன்னால் எல்லாம் எடுத்துத் துப்புரவாக இருந்தது. போல்ட் பெட்டிக்குள் துவாயில் சுற்றிக் கிடந்தது. பொட்டுகள் இல்லை, பளபளவென்று இருந்தது. ‘துடைச்சு வைச்சிருக்கிறார்’ என்று நினைத்தாள். நெஞ்சு நிறைந்துபோய்ப் பெட்டியைப் பூட்டினாள். நேற்றுத்தானே கழற்றித் துடைத்தது என்று இன்னொரு தரம் கழற்றவில்லை. பதினாறு வருடம் தட்டு அடுக்கியவள், திறந்து பார்க்காமல் ஒன்றை மூடியது அன்றைக்குத்தான். ஆனைக்கும் அடி சறுக்கும்.

ஐந்தாம் திகதி விடியற்காலை காட்டில் பூச்சியத்துக்குக் கீழே நாலு பாகை குளிர். முதல் நாள் பின்னேரம் கணப்படுப்பு எரிந்த குடிலுக்குள் போல்டைத் துவக்கில் இட்டு, தோட்டா இல்லாமல் விசையை ஒரு தரம் அமத்திப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இப்போது ஏழாம் நிலையில், மரக்குற்றியில் இருந்தாள். புகார் சதுப்புநிலத்தின் மேல் பால் பரப்பினது போலக் கிடந்தது. ஒரு மணி நேரம் போனது, பிறகு இன்னொன்று. கால்விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. நாய் ஒன்று எங்கேயோ குரைத்தது, அது அவளுக்குள்ளேயே குரைத்த மாதிரிக் கேட்டது. நித்திரையும் இல்லை, விழிப்பும் இல்லை. குசினி மேசையில் இருந்து இவ்வளவு காலமும் பார்த்த இடத்துக்குள்தான் வந்து இருக்கிறோம் என்று தோன்றியது. அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்து கனகாலம்.

புகாருக்குள் முதலில் காதுகள் வந்தன. பிறகு நீண்ட சோகமான முகம். இளம் ஆண் எல்க், ஐம்பது அடி தூரமும் இல்லை. தண்ணீருக்குள் நின்று பக்கவாட்டில் திரும்பியது. சுடச் சொல்லி வகுப்பில் படம் போட்டுக் காட்டின அதே கோணம். ஜெயகுமாரி மூச்சைப் பாதி விட்டாள். விசையை அமத்தினாள்.

டிக்.

வெடியில்லை. பல்லி சொன்ன மாதிரி ஒரு மெலிந்த சத்தம் மட்டும். எல்க் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அவளும் அதைப் பார்த்தாள். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு அது அவசரமே இல்லாமல், ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்துப் புகாருக்குள் போனது. அவள் வகுப்பில் படித்தபடியே துவக்கின் வாயை நிலத்துக்குத் திருப்பி, அறுபது எண்ணி, போல்டைத் திறந்து தோட்டாவை எடுத்தாள். அதன் பின்புறத்தில் ஊசி குத்தின தடம் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது.

மத்தியானம் குடிலில் எல்லாரும் கூடினார்கள். ஜெயகுமாரி நடந்ததைச் சொன்னாள். “கழற்றுங்கள்” என்றார் ஒட்வார். விறைத்த விரல்களால் பின்மூடியைத் திருகினாள். வழக்கமாகச் சுழன்று வருவது முரண்டு பிடித்து வந்தது. சுருள்வில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் வெள்ளை வெளேரென்று மெழுகு நிரம்பியிருந்தது.

“இதென்ன கிரீஸ்?” என்று ஒருவர் குனிந்தார்.

ஜெயகுமாரிக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. வாசம் தானாக வந்தது. தேங்காய் எண்ணெய். ரொம்சோஸ் குசினியில் ஒன்பது மாதம் உறைந்தே கிடக்கிற, குகநேசன் தலைக்கு வைப்பதற்காக ஹீட்டரின் மேல் போத்தலை வைத்து உருக்குகிற அதே எண்ணெய். சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்திருப்பார், துருப்பிடிக்கும் என்று பயந்திருப்பார், பின்பக்கத்துத் துவாரத்தால் தாராளமாக ஊற்றியிருப்பார். துவக்கு என்ற சொல்லையே வாயில் எடுக்காத மனிதர் தனியாக இருந்து, அதைக் கையில் எடுத்து, மடியில் வைத்து எண்ணெய் இட்டிருக்கிறார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஒட்வார் அவளுடைய முகத்தைப் பார்த்துத் தப்பாக விளங்கிக்கொண்டார். “பரவாயில்லை. முதல் வருடம் நானும் கூடுதலாகப் பூசிவிட்டேன். எல்லாரும் செய்கிறதுதான். அப்படித்தானே நடந்தது?”

தலையை ஆட்டினால் போதும். பழக்கமில்லாதவளின் பிழை, மன்னிப்பு, ஏழாம் நிலை. உண்மையைச் சொன்னால் அது பழக்கமின்மை அல்ல. அனுமதி உள்ளவரைத் தவிர வேறு யாருடைய கையும் படக்கூடாத பாகம் அது, எப்போதும் பூட்டியிருக்க வேண்டியது. ஜெயகுமாரி தலையைப் பாதிவரை ஆட்டியும் விட்டாள். ஆனால் தன் பெயரை அந்தத் தட்டில் ஒட்ட அவளுடைய கை போகவில்லை.

“இல்லை,” என்றாள். “இது என் கை இல்லை. ஓர் இரவும் ஒரு பகலும் இது பூட்டாமல் கிடந்தது, சாமிக்கு முன்னால். என் கணவர் எண்ணெய் ஊற்றியிருக்கிறார். நான் திறந்து பார்க்கவில்லை. அது என் பிழை.”

கணப்படுப்பில் விறகு வெடித்தது. ஒட்வார் வெள்ளை மெழுகைச் சுண்டுவிரலால் தொட்டு, தேய்த்து, மணந்து பார்த்தார். பிறகு போல்ட் இல்லாத துவக்கை எடுத்துச் சுவரோடு சாத்தினார்.

“இந்த வருடம் நீங்கள் சுடமாட்டீர்கள்,” என்றார். “நாயோடு நடப்பீர்கள். அடுத்த வருடம் ஏழாம் நிலை உங்களுடையது, ஒரு நிபந்தனையோடு. இனி இதை உங்கள் கை மட்டும்தான் தொடவேண்டும். உங்கள் கணவரும் தொடக்கூடாது. அதை அவரிடம் நீங்கள் சொல்லவேண்டும். சொன்னீர்களா என்று உங்களிடம்தான் கேட்பேன். நீங்கள் சொல்வதை நம்புவேன்.”

ஞாயிறு பின்னேரம்வரை நாய்க்காரரோடு மலையேறி இறங்கினாள். நாய்க்கு அவளைப் பிடித்துப்போனது. கால் நடந்தது. மனம் மட்டும் ஒரே வசனத்தை எப்படிச் சொல்வது என்று திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. ரயில், பஸ், லிஃப்ட் எல்லாம் கனவில் ஏறி இறங்கின மாதிரிக் கடந்தன.

மணியை அடிக்குமுன் கதவு திறந்தது. குகநேசன் ஒன்றும் கேட்காமல் அவளுடைய முதுகுப்பையை வாங்கினார். குசினிக்குள் போன ஜெயகுமாரி வாசலிலேயே நின்றுவிட்டாள். மேசையில் பேப்பர் விரித்திருந்தது. வெட்டி மடித்த துணித்துண்டுகள் இருந்தன. காதுக்குச்சிகள் இருந்தன. வெந்நீர்ச் சட்டிக்குள் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் உருகிக்கொண்டிருந்தது. இரண்டு கதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் போடப்பட்டிருந்தன.

“கொண்டாரும்,” என்றார். “ஈரத்துக்குள்ளாலை வந்தது. ரெண்டு பேருமாத் துடைச்சு வைப்பம்.”

மூன்று வருடம் அவள் காத்திருந்தது இந்த வசனத்துக்குத்தான். ஏழாம் நிலைகூட அதற்கு அடுத்ததுதானோ என்று அந்த நிமிடத்தில் பட்டது.

“இஞ்சாருங்கோ,” என்றாள். “இனி இதை நீங்கள் தொடக்கூடாது.”

அவருடைய கை மேசையிலிருந்து சட்டென்று பின்னால் போனது. முதுகு நேரானது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், எண்ணெய் உறைந்ததை, டிக் என்றதை, ஒட்வார் சொன்னதை. ஒன்றையும் மறைக்கவில்லை.

“அப்ப என்னாலை தான் பிழைச்சது.”

“ஓம்.”

“மிருகம்?”

“போயிட்டுது.”

குகநேசன் போத்தலைச் சட்டிக்குள் இருந்து எடுத்து, துடைத்து, மூடியை இறுக்கினார். வெகுநேரம் இறுக்கினார். “நீர் அங்கை பனிக்குள்ளை தனிய நிப்பீர்,” என்றார் கடைசியில். “அந்த நேரம் அது உம்மைக் கைவிட்டிடக் கூடாது எண்டுதான் ஊத்தினனான். கொஞ்சம் காணாது எண்டு பிறகும் ஊத்தினனான்.”

ஜெயகுமாரி அழுதாள். ஒளிக்காமல், சத்தம் வைத்தே அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, முதுகுப்பைக்குள் இருந்த பெட்டியைத் திறந்து, போல்டைப் பேப்பரில் வைத்தாள். எழும்பிப் போகப் பார்த்தவரை “இருங்கோ” என்று மற்றக் கதிரையில் இருத்தினாள்.

“தொடக்கூடாது எண்டுதானே சொன்னவர். பார்க்கக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

தாழை நிமிர்த்தினாள். பொத்தானை அமத்தினாள். பின்மூடியைத் திருகினாள். குகநேசன் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே செருகிக்கொண்டு இருந்தார். வில்லின் கடைசிச் சுற்றில் இன்னும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது. அவள் அதைத் துணியால் வழித்தெடுத்து, ஊசியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

“கிட்ட வந்து பாக்கலாமோ?” என்று கேட்டார்.

“வாங்கோ.”

அவர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். தன் மூச்சுக்கூட அதில் பட்டுவிடக் கூடாது என்று ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து பார்த்தார்.